அடுக்களையில் விளைந்த அறிவு

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு நாள் தம் இல்லத்தாரிடம், தொட்டுக்கொள்ள என்ன உண்டு என வினவினார்கள். காடியைத் தவிர வேறொன்றுமில்லை என்னும் விடை வந்தது. வினிகர் எனக் கடைகளில் இன்று விற்கப்படுவதே அக்காடி. அதனையே கொண்டுவரச் செய்து உண்ணத் தொடங்கிய அண்ணலார், அது நல்லதொரு தொடுகறி என்று பாராட்டினார்கள். அதனைக் கேட்ட ஜாபிர் (ரலி) அவர்களுக்கு அன்று முதல் காடி விருப்பமான பொருளாகிவிட்டது என்பதும் முஸ்லிம் நபிமொழித் தொகுப்பில் பதிவாகியுள்ளது.

இந்நிகழ்ச்சியை வெள்ளிக்கிழமை உரைகளில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். உள்ளது கொண்டு நிறைவடையும் பண்பிற்கு இதனை எடுத்துக்காட்டாகக் கூறுவர். அது சரியே. ஆயினும், இந்நிகழ்ச்சியில் இன்னொருவரும் இருக்கிறார். வீட்டில் என்ன உண்டு, என்ன இல்லை என்பதை அறிந்து விடை கூறிய அந்த இல்லத்தார். உண்டவர் காட்டிய பெருந்தன்மையைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இருப்பறிந்து எடுத்து வைத்தவரின் அறிவைப் பற்றி நாம் பேசியது குறைவு. அதனைப் பற்றிச் சில கருத்துகளை இம்மலரில் முன்வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிவிட வேண்டும். வறுமையைப் போற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. மார்க்கமும் அதனைப் போற்றவில்லை. பசியினின்றும் தம்மைக் காக்குமாறு நபி (ஸல்) அவர்கள் இறைவனிடம் இறைஞ்சியதாக நபிமொழி நூல்கள் கூறுகின்றன. பிறை மாறிப் பிறை வந்தும் தம் வீடுகளில் அடுப்பு மூட்டப்படாதிருந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் சகோதரியின் மகனார் உர்வாவிடம் எடுத்துரைத்தபோது, பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு வாழ்ந்ததைச் சொன்னதோடு நிறுத்தவில்லை. அன்சாரி அண்டை வீட்டார் பால் அனுப்பி உதவியதையும் சேர்த்தே சொன்னார்கள். பசியை மறைக்கவுமில்லை, அலங்கரிக்கவுமில்லை. கிடைத்தது என்ன, கொடுத்தவர் யார் என்னும் கணக்காகவே அச்செய்தி அமைந்திருக்கிறது.

நம் பழந்தமிழ்ப் புலவர்களும் இவ்வாறே செய்தனர். நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில் வரும் அடுக்களைக் காட்சியைத் தமிழ் பயில்வோர் அறிவர். ஈன்ற நாய் படுத்திருக்கும் அட்டிலில், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பின்றி வேகவைக்கிறாள் பாணர் குடிப் பெண்ணொருத்தி. பிறர் கண்டு இகழ்வரே என நாணிக் கதவை அடைக்கிறாள். பின்னர்ச் சுற்றத்தார் அனைவரும் ஒருங்கிருந்து உண்கின்றனர். புறநானூற்றின் 159ஆம் பாடலில் பெருஞ்சித்திரனார் காட்டும் மனைவியும் முற்றாத இளந்தளிராகப் பார்த்தே கீரை கொய்கிறாள். இப்பாடல்களை வறுமையின் கொடுமைக்குச் சான்றாகத் தேர்வுகளில் எழுதி மதிப்பெண் பெற்றிருக்கிறோம். குப்பைமேட்டில் எது உண்ணத் தக்கது, எந்தப் பருவத்தில் கிள்ளத் தக்கது என அறிந்திருந்த ஒருத்தியின் அறிவுக்குச் சான்றாக எவரேனும் எழுதியதுண்டா? நானும் எழுதியதில்லை.

இவ்வறிவு நம் சமுதாயத்தில் கடுமையாகச் சோதிக்கப்பட்ட காலம் 1942. அவ்வாண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் இரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. பர்மா அரிசியின் வரத்து அற்றுப்போயிற்று. தென்னிந்தியா முழுமைக்கும் அது இடர்தான். ஆனால் காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் போன்ற கடற்கரை ஊர்களின் இல்லங்களுக்கு அது இரட்டை இடராயிற்று. அவ்வூர் ஆடவர் பலர் பர்மாவிலும் மலேயாவிலும் வாணிகம் செய்துவந்தனர். ஆகவே அரிசி வந்த கடல்வழியாகவே பணமும் வந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே காலத்தில் நின்றன, கடிதமும் நின்றது. கணவர் உயிருடன் இருக்கிறாரா என்பதே தெரியாத நிலையில், பிள்ளைகளுக்கு அடுத்த வேளை என்ன என்பதை முடிவு செய்யும் பொறுப்பு அடுக்களையில் நின்ற பெண்களின் தலையில் விழுந்தது.

அவர்கள் கையில் என்ன இருந்தது? கேழ்வரகும் கம்பும் சோளமும் இருந்தன. பனங்கிழங்கு பருவத்திற்கு வரும். கொல்லையில் முருங்கை நின்றது. பானையில் கருவாடும், கடலோர இல்லங்களில் மாசியும், பக்ரீதில் உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்த உப்புக்கண்டமும் இருந்தன. ஒரு துண்டு உப்புக்கண்டத்தைத் தட்டிப் போட்டால் ஒரு சட்டி ஆணத்திற்கும் மணம் வந்துவிடும். இறைச்சியை உணவாகக் கொள்ளாமல் மணமாகக் கொள்ளும் சிக்கனம் அது. மாசிக்கும் இதுவே முறை. இடித்து ஒரு சிட்டிகை தூவினால் போதும், தேங்காய்ச் சம்பல் ஒரு கறியின் இடத்தை நிரப்பிவிடும்.

மரவள்ளியை எடுத்துக்கொள்வோம். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதன் பயிரை ஊக்குவித்தார் என்பது வரலாறு. பஞ்சக் காலத்தில் ஏழையின் சோறாக அது நின்றது. ஜப்பானியர் ஆட்சியின்கீழ் மலேயாவில் சிக்கிக்கொண்ட நம்மவர்க்கும் அதுவே பெரும்பாலும் உணவாயிற்று. அக்கிழங்கில் சயனைடு எனும் நஞ்சை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. கசப்பு மிகுந்த வகைகளில் அது மிகுதி. தோலை முழுவதும் உரித்து, துண்டாக்கி, நிறைந்த நீரில் மூடாமல் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். வேதியியல் நூல் பயிலாத பெண்கள் இதனைப் பிழையின்றிச் செய்தனர். அக்கிழங்கில் மாவுப்பொருளேயன்றிப் புரதம் மிகக் குறைவு. அதற்குத் துணையாக மீனையோ கருவாட்டையோ வைத்ததும் அவர்களே. தற்செயல் என்று இதனைத் தள்ளிவிட முடியாது. பலர் உண்டு பார்த்து, சிலர் நோயுற்று, எஞ்சியோர் கற்றுக்கொண்ட பாடம் இது.

சேமிப்பும் இவ்வறிவின் ஒரு பாதியாகும். திருக்குர்ஆனின் யூசுப் அத்தியாயத்தில், ஏழாண்டு விளைச்சலை எவ்வாறு காக்க வேண்டுமென யூசுப் நபி (அலை) கூறும் நெறி நினைவிற்கு வருகிறது. உண்பதற்குரிய சிறிதளவைத் தவிர எஞ்சியதைக் கதிரிலேயே விட்டுவைக்கச் சொல்கிறார்கள். உமியும் கதிரும் தானியத்திற்கு இயற்கை இட்ட காப்பு. நம் வீடுகளில் நெல்லாகவே குதிரில் வைத்து வேண்டும்போது மட்டும் குத்தியதும் இக்கருத்தையே ஒட்டியது. மாவாகச் சேமிக்க வேண்டுமெனில் அரிசியை ஊறவைத்து, இடித்து, சலித்து, ஈரம் போக வறுத்து வைப்பர். இவ்வறுத்த மா கெடாது நெடுநாள் இருக்கும். இடியாப்பமாகும், தக்கடியாகும், ஒன்றுமில்லாத நாளில் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் பிசைந்தால் பிள்ளைகளின் காலை உணவுமாகும். வறுக்கும் பக்குவத்தைச் சொல்லால் விளக்குவது அரிது. மாவைக் கோலமிட்டுப் பார்த்து, கோடு அறாமல் விழுந்தால் பதம் என்பார்கள்.

1960களின் அரிசித் தட்டுப்பாட்டில் அமெரிக்கக் கோதுமை வந்தது. வேண்டா வெறுப்பாக அதனையும் ஏற்றுக் கஞ்சியாகவும் உப்புமாவாகவும் ஆக்கிக்கொண்டோம். அதனை விரித்துரைக்க இங்கு இடமில்லை.

இவ்வறிவு முழுவதும் ஒரே பாத்திரத்தில் கூடியிருப்பதைக் காண வேண்டுமாயின், நோன்புக் கஞ்சியைப் பார்த்தால் போதும். முழு அரிசியினும் விலை குறைந்த நொய்யே அதற்கு ஏற்றது. விரைவில் வேகும், குழைந்து கஞ்சிக்குத் திண்மை தரும். அரிசியின் புரதத்தில் லைசின் குறைவு. பருப்பின் புரதத்தில் அது நிறைவு. பருப்பில் குறைவானது அரிசியில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது என இன்றைய உணவியலார் விளக்குகின்றனர். வெந்தயம், பூண்டு, இஞ்சி, வெங்காயம், புதினா, மல்லி ஆகியவை சேரும். தேங்காய்ப்பாலை இறுதியிலேயே ஊற்ற வேண்டும். மிகக் கொதித்தால் அது திரிந்துவிடும். கொத்துக்கறி இருந்தால் போடலாம், இல்லையெனினும் கஞ்சி கஞ்சியே. பகல் முழுதும் வெறுமையாய்க் கிடந்த வயிற்றுக்கு நீரும் உப்பும் சத்தும் ஒரே குவளையில் கிடைக்கின்றன. இவற்றுள் எதுவும் அரிய பொருளன்று. வருவோர் தொகை கூடினால் நீரைக் கூட்டிக்கொள்ளலாம். குழம்பு சமைத்தால் நீரைச் சற்று மிகுத்து அண்டை வீட்டாரையும் எண்ணிப் பார்க்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியின் செயல் வடிவம் என்றே இதனைக் கூறலாம். அசர் தொழுகைக்குப்பின் தூக்குச்சட்டியுடன் பள்ளிவாசல் வாயிலில் நிற்கும் சிறுவர்களில் பிற சமயத்துப் பிள்ளைகளும் இருப்பதை நம் ஊர்களில் எவரும் வியப்பாகக் கருதுவதில்லை.

2020ஆம் ஆண்டு இக்கஞ்சிக்கும் ஒரு சோதனை வந்தது. மார்ச்சு இறுதியில் தொடங்கிய ஊரடங்கில் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. ஏப்ரல் இறுதியில் ரமலான் பிறந்தது. ஆண்டுதோறும் கஞ்சிக்கென அரசு தரும் அரிசி, அவ்வாண்டு பள்ளிவாசலின் பெருஞ்சட்டியில் வேகாமல் வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானோர்க்குக் காய்ச்சிப் பழகிய ஆடவர்கள் கையில் இருந்த பக்குவத்தை, ஐவர்க்கும் அறுவர்க்கும் உரிய அளவில் பெண்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நாட்கூலிக் குடும்பங்களில் வருவாய் இல்லை. வளைகுடா நாடுகளில் இருந்தோர் வேலையிழந்தும், திரும்ப வழியின்றியும் தவித்தனர். 1942இன் நிழல் மீண்டும் நம் வாயிற்படியில் விழுந்தது. பொதுவிநியோகக் கடைகள் அரிசியும் பருப்பும் எண்ணெயும் சர்க்கரையும் விலையின்றித் தந்தமையால் அது பஞ்சமாக மாறவில்லை என்பதை நன்றியுடன் குறிப்பிடல் வேண்டும். ஆனால் அரிசி கிடைப்பது வேறு, உணவு கிடைப்பது வேறு. இடையில் ஒருவருடைய அறிவும் உழைப்பும் நிற்கின்றன.

அந்நாட்களில் இளைஞர் சிலரும் அடுக்களைக்குள் நுழைந்தனர் என்பது உண்மை. பேக்கரிகள் அடைபட்டிருந்தன. குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, ரப்பர் வளையத்தையும் விசிலையும் கழற்றிவிட்டு, உள்ளே தட்டு வைத்துக் கேக் சுட்டார்கள். மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும் தயிரும் கொண்டு முட்டையின்றியே சுட்ட வல்லுநர்களும் உண்டு. சட்டியின் மூடிமேல் தணலிட்டு, கீழும் தணலிட்டுச் சுடும் பாட்டியர் முறைதான் இதுவும். அதனை அறியாமலே புதுமை செய்துவிட்டதாக அவர்கள் மகிழ்ந்தனர். மகிழட்டும். சுட்டபின் பாத்திரம் கழுவியவர் யார் என்று மட்டும் நான் கேட்கவில்லை.

வேறொரு வினாவைக் கேட்டேன். 2021இல் வகுப்புகள் மீண்டும் தொடங்கியபோது, ஊரடங்கு நாட்களில் தம் வீட்டில் என்னென்ன சமைக்கப்பட்டன என்று ஒரு பக்கம் எழுதி வருமாறு மாணவர்களைப் பணித்தேன். நன்றாகவே எழுதியிருந்தனர். காய்கறி இல்லாத நாளில் புளியாணமும் தேங்காய்த் துவையலும் ஒரு வாரத்தை ஓட்டிய கதை இருந்தது. பழைய சோற்றைப் பிழிந்து, அரிசிமா கலந்து ரொட்டி தட்டிய கதை இருந்தது. உம்மாவின் திறத்தை வியந்து எழுதியிருந்த ஒரு மாணவரை எழுப்பி, அன்று உம்மா என்ன உண்டார்கள் என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, நாங்கள் உண்டபின் உம்மாவும் சாப்பிட்டிருப்பார்கள் என்றார். வகுப்பில் வேறெவராலும் அதற்குமேல் சொல்ல இயலவில்லை. தமிழாசிரியனாகிய எனக்கு அந்த 'இருப்பார்கள்' உறுத்திற்று. கண்டதைக் கூறும் வினைமுற்றன்று அது, ஊகத்தைக் கூறுவது.

அம்மாணவரைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. என் உம்மாவும் பானையின் அடியில் பிடித்த சோற்றைச் சுரண்டி எடுத்து, அதுவே தமக்குப் பிடிக்கும் என்பார்கள். நாங்கள் நம்பினோம். எங்கள் குடும்பம் சற்றுத் தலையெடுத்தபின், அடிப்பிடித்த சோற்றை அவர்கள் ஒரு நாளும் விரும்பி எடுத்ததை நான் பார்த்ததில்லை. இதனை நான் கவனித்ததே அவர்கள் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின்னர்தான்.

இதுவே நான் சொல்ல வந்தது. இடர்க்காலச் சமையலைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் தாய்மையின் தியாகம் என்று ஒரு சொல்லைப் போட்டு மூடிவிடுகிறோம். அச்சொல்லின்கீழ் இரண்டு செய்திகள் மறைந்துபோகின்றன. ஒன்று, அது கற்று வரவேண்டிய அறிவு என்பது. மற்றொன்று, அந்த அறிவைக் கொண்டு பங்கிட்டவர்க்கே பங்கு குறைந்தது என்பது. தியாகம் என்று போற்றியபின் கணக்குக் கேட்பது நன்றிகெட்ட செயலாகத் தோன்றும். அதனால் எவரும் கேட்பதில்லை.

கடைசியில் உண்பது அன்பின் வெளிப்பாடு, அதில் குறை காணலாமா என்று பெரியோர் சிலர் என்னிடம் வருந்தியதுண்டு. அன்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நம்மிடமே இதற்கொரு நல்ல மரபு இருக்கிறதே! களரிச் சாப்பாட்டில் ஒரு சகனைச் சுற்றி மூவரோ நால்வரோ அமர்ந்து உண்கிறோம். அதனைச் சமத்துவத்தின் அடையாளம் எனப் பேசுகிறோம். அதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரே தட்டில் உண்பவர்களுக்கு, யார் எவ்வளவு உண்டார் என்பது மறைவதில்லை. குறைவான நாளில்தான் சகன் மிகவும் தேவைப்படுகிறது. அன்றுதான் சமைத்தவர் அதில் அமர்வதில்லை. ஒருவர் உணவு இருவர்க்கும், இருவர் உணவு நால்வர்க்கும் போதும் என்னும் நபிமொழியின் கணக்கில் சமைத்தவரும் ஒருவரல்லரோ? குப்பைக் கீரையை உப்பின்றி அவித்த அந்தப் பாணர் குடியிலும் அனைவரும் ஒருசேர உண்டனர் என்றுதானே புலவர் பாடினார்.

ஆடவர் அடுப்படிக்கு வருவது தம் தகுதிக்குக் குறைவு எனக் கருதுவோர்க்கு நான் வாதம் செய்வதில்லை. நபி (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் துணை நின்றார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) கூறியதை நினைவூட்டுவேன். கலீபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி வரலாற்று நூல்கள் கூறும் நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. பசித்தழும் பிள்ளைகளை ஏய்த்து உறங்கவைக்க, வெறும் நீரை அடுப்பிலேற்றி வைத்திருந்தாள் ஒரு தாய். அதனை இரவில் கண்ட கலீபா, பணியாளர் சுமக்க முன்வந்தும் இசையாமல், மாவு மூட்டையைத் தம் தோளில் சுமந்து வந்தார்கள். நம் மேடைகளில் கதை பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால் அதன்பின் அவர்களே அடுப்பை ஊதினார்கள், புகை தாடியினூடே எழுந்தது, உணவு ஆக்கி அப்பிள்ளைகள் உண்டு முடிக்கும்வரை காத்திருந்தார்கள் என்பதும் அந்நூல்களில் உள்ளது. ஹிஜ்ரி 18இல் வந்த பஞ்ச ஆண்டில், மக்களுக்குக் கிடைக்காத நெய்யைத் தாமும் உண்ண மறுத்தவர்கள் அவர்கள்.

இனி, நம் தமிழ்த்துறை செய்யத்தக்க பணி ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஆணம், புளியாணம், தக்கடி, நொய், குருணை, உறி, குதிர், உழக்கு, ஆழாக்கு, பதம், உப்புக்கண்டம் முதலிய சொற்களை எழுபது வயது கடந்த பெண்கள் இயல்பாகப் பேசுகின்றனர். அவர்தம் பேத்தியர் பாதியை அறிவர். பேரர்களுக்கு உண்ணும் பொருளின் பெயர் தெரியும். செய்முறைச் சொற்கள் தெரியா. சிற்றிலக்கியங்களையும் படைப்போர்களையும் நாமாக்களையும் தேடித் தொகுத்த நம் பேராசிரியப் பெருமக்கள், அடுக்களைச் சொற்களைத் தொகுக்க ஏனோ முற்படவில்லை. அவை ஏட்டில் இல்லை, நாவில் இருக்கின்றன. ஏட்டைப்போல் அவை காத்திருக்க மாட்டா.

வரும் ரமலான் விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்கள் ஆளுக்கொரு குறிப்பேடு கொண்டு செல்லட்டும். வீட்டின் மூத்த பெண்மணியிடம் அமர்ந்து, மிகவும் இடர்ப்பட்ட ஆண்டு எது, அன்று வீட்டில் என்ன இருந்தது, அதனைக் கொண்டு என்ன சமைத்தார்கள், யாரிடம் கற்றார்கள், எந்தப் படியால் அளந்தார்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லாலேயே எழுதி வரட்டும். சமைத்தது எத்தனை பேர்க்குப் போதுமானதாயிற்று என்பதையும், அன்று அவர்கள் தாம் என்ன உண்டார்கள் என்பதையும் தவறாமல் கேட்க வேண்டும். விடை சொல்லாமல் சிரித்து மழுப்பினால் அதனையும் அவ்வாறே குறித்துக்கொள்ளலாம். குறிப்பேடுகளைத் துறை அலுவலகத்தில் சேர்ப்பித்தால், அடுத்த மலருக்குள் அவற்றை ஒழுங்குபடுத்தித் தரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.